கேனாலும் கால்வாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலக் 'கேனால்' நம் 'கால்' என்ற சொல்லிலிருந்து போனதுதானே? கால், வாய்க்கால், கேனால் என்று சொல்லிப் பார்த்தாலே தெரிகிறது. அகராதிகள் இதை மறைப்பது இருட்டடிப்பு இல்லையா? அப்புறம், வாய்க்காலுக்கும் கால்வாய்க்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன மாதம் பல் மருத்துவர் முன்னால் வாயைப் பிளந்து கிடந்தபோது நானும் இந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் "சொல்லிப் பார்த்தாலே தெரிகிறது" என்ற வரியோடு கடிதத்தை மூடி வைத்திருப்பேன்.

சொல்லிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது ஐயா. ஆங்கிலத்தில் 'மச்' என்றால் நிறைய, ஸ்பானிய மொழியில் 'மூச்சோ' என்றாலும் நிறைய. கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லத்தீனில் அது 'கனாலிஸ்'. 'கன்னா' என்றால் நாணல், மீதி விகுதி. நீங்கள் பிடித்துத் தொங்கும் அந்த 'ல்' விகுதியோடு வந்தது, வேரில் இருப்பது 'ன்'. அந்த 'ன்' நம் காலில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம். கன்னாவும் லத்தீனின் சொந்தச் சரக்கு இல்லை. கிரேக்கம் வழியாக வந்தது, அதற்கும் முன்னால் அரபு, எபிரேயம் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய மெசபடோமிய மொழியான அக்காதியத்தில் 'கனூ' என்றால் நாணல்தான். உள்ளே பொள்ளலான ஒரு தண்டு, அதிலிருந்து குழாய், அதிலிருந்து பீரங்கியைக் குறிக்கும் 'கேனன்' வரைக்கும் போயிருக்கிறது. 'சேனல்' என்பதும் இதே சொல்தான், பிரெஞ்சு வழியாக முன்னதாகவே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, கடைவாய்ப் பல்லின் வேருக்குள் மயிரிழை போல ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டி "இதுதான் கேனால்" என்றார். கப்பல் போகிற கால்வாயை மனதில் வைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் சிரிக்க முடியவில்லை. ஊசி போன்ற அரத்தை உள்ளே விட்டு அவர் ராவ ராவ யோசித்தேன்: அவர் சொன்னதுதானே பழைய பொருள்! ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டில் கேனால் என்றால் குழாய், உடம்புக்குள் இருக்கும் பாதை. மனிதன் வெட்டிய நீர்வழிக்கு அந்தப் பெயர் வந்தது 17ஆம் நூற்றாண்டில்தான்.

இருட்டடிப்பு என்பதையெல்லாம் விடுங்கள். உங்கள் மொழிப் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை, பதினெட்டு வயதில் நானும் ஒரு நோட்டு நிறைய இப்படி ஜோடி சேர்த்து வைத்திருந்தேன், இப்போதும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஆனால் தெலுங்கில் 'காலுவ', கன்னடத்தில் 'காலுவெ' என்று சொந்த ரத்தம் பக்கத்திலேயே இருக்க, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லத்தீன் வீட்டு வாசலில் போய் ஏன் நிற்கிறீர்கள்?

வித்தியாசம் கேட்டீர்கள் அல்லவா, சரி: பெரும்பாலும் சின்னது வாய்க்கால், பெரியது கால்வாய். நான் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று கேனாலில் ஒன்று பாக்கி.