ஜி.டி.க்கு 12 போதும், 14 வேண்டாம்

சீஷெல்ஸின் காஸ்மலேடோ பவளத்தீவுக்கு ஜி.டி. (ஜயன்ட் ட்ரெவல்லி என்னும் பெரிய பாரை மீன்) பிடிக்கப் போகிறீர்கள், கையில் 9 எடை ஃபிளை ராட் (ஃபிளை என்னும் செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்; எண் கூடினால் வலுவும் கூடும்) இருக்கிறது, புதிதாக வாங்குவது 12-ஆ 14-ஆ என்று கேட்டிருந்தீர்கள். 12 வாங்குங்கள்.

14 பெரும்பாலும் படகிலிருந்து பெரிய சூரை, மார்லின் பிடிப்பவர்களுக்கானது. நீங்கள் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நடக்கப் போகிறீர்கள். பாரை கண்ணில் பட்டதும் சில நொடிகளுக்குள் ஃபிளையை அதன் முன்னால் போட்டாக வேண்டும். சோர்ந்த தோளோடு 14-ஐ அப்படி வீசுவது மிகக் கடினம்.

கடையில் ராடை வெறுமனே ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். வளையங்களில் லைனைக் கோர்த்து, லைனின் நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். மீனைத் திருப்புவது கைப்பிடிக்கு மேலே உள்ள தடித்த பகுதிதான். அங்கே வலு தெரிய வேண்டும். 9 அடி, நான்கு துண்டாகக் கழற்றுவது என்றால் விமானத்துக்கும் சுலபம்.

மிச்சம் பிடிக்கும் பணத்தை ரீலில் போடுங்கள். உப்புநீர் புகாத பிரேக், குறைந்தது 250 மீட்டர் பேக்கிங் (லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் மெல்லிய நூல்), 100 பவுண்டுக்குக் குறையாத இழுவையைத் தாங்கும் லீடர் (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் நரம்பு). பவளப்பாறையில் உரசினால் மெல்லிய லீடர் அறுந்துவிடும்.

அப்புறம், மீன் அருகில் வந்ததும் ராடை நேர்செங்குத்தாகத் தூக்காதீர்கள், நல்ல ராடுகள் உடைவது அப்போதுதான். தாழ்வாக, பக்கவாட்டில் இழுங்கள். அந்த 9-ஐயும் எடுத்துப் போங்கள், போன்ஃபிஷ் என்ற சிறிய மீனுக்கு அருமையாக இருக்கும்.