சென்னையில் பார்வையாளர் ஆய்வு: கிள்ளானிலிருந்து வந்திருக்கும் தங்கைக்கு

கேள்வி: "மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து சென்னையில் ஊடகவியல் முதுகலை சேர்ந்திருக்கிறேன். டிவி பார்ப்பவர்களை வகை பிரித்து, நிகழ்ச்சிகள் அவர்களை எப்படிப் பாதிக்கின்றன என்று 60 வீடுகளில் ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரைப் போல பி40 (கீழ் 40 சதவீதம்), எம்40 (நடு 40), டி20 (மேல் 20) என்று வருமானத்தை வைத்துப் பிரிக்கலாமா? வெளிநாட்டு மாணவி என்பதால் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?"

வாழ்த்துகள் தங்கை. நல்ல ஊருக்கு, நல்ல தலைப்போடு வந்திருக்கிறீர்கள்.

வருமானத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். மலேசியாவில் பார்வையாளரை முதலில் இனம், மொழி என்று பிரித்து, அதற்குள் வருமானம் பார்ப்பது நமக்குப் பழகிப்போனது. சென்னையில் பெரும்பாலோர் பார்ப்பது தமிழ்ச் சேனல்தான் என்பதால் முதல் பிரிவு உதவாது. வருமானம் கேட்டால் சரியான பதில் வராது. தினக்கூலி, மீன் வியாபாரம், ஆட்டோ என்று போகும் வீட்டில் மாத வருமானம் என்ற ஒற்றை எண்ணே கிடையாது.

இந்தியச் சந்தை ஆய்வுத் துறை இதற்காகவே வேறு வழி வைத்திருக்கிறது. 1988 முதல் குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் தொழிலும் படிப்பும் அளவுகோலாக இருந்தன. 2011இல் அது என்சிசிஎஸ் (புதிய நுகர்வோர் வகைப்பாடு) என்ற முறைக்கு மாறியது. இதில் கேள்வி இரண்டே: முதன்மைச் சம்பாத்தியக்காரரின் படிப்பு என்ன, வீட்டில் 11 பொருட்களில் எத்தனை இருக்கின்றன. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, இருசக்கர வண்டி, கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், கார், ஏசி, விவசாய நிலம். இரண்டு விடைகளையும் ஒரு கட்டத்தில் பொருத்தினால் மேல்மட்டமான ஏ1 முதல் அடிமட்டமான ஈ3 வரை 12 படிகளில் ஒன்று கிடைக்கும். தொழிலையும், வீட்டில் அதிகம் படித்த ஆண், பெண் இருவரின் கல்வியையும் வைத்துப் பிரிக்கும் ஐஎஸ்இசி என்ற புதிய முறையும் இப்போது வந்திருக்கிறது. உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் தேவையான கேள்விகளைப் படிவத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு, சில வரிதான் கூடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பொருள் பட்டியல் தடம் மாறும் இடங்களை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 2006க்குப் பிறகு அரசே வீடு வீடாகக் கலர் டிவி கொடுத்தது. 2011க்குப் பிறகு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப் வந்தது. வடசென்னையின் வியாசர்பாடியில் பத்தாவது தாண்டாத ஒருவர் வீட்டிலும் மின்சாரம், ஃபேன், கேஸ், டிவி, லேப்டாப் என்று ஐந்து பொருள் சாதாரணமாக இருக்கும். கட்டத்தில் அந்த வீடு அதன் உண்மையான வாங்கும் சக்தியைவிட மேலே போய் உட்காரும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இரண்டு கூடுதல் பெட்டி வையுங்கள்: வாங்கியதா, அரசு கொடுத்ததா, இப்போது ஓடுகிறதா, பரணில் கிடக்கிறதா. வகுப்பை முறைப்படியே கணக்கிடுங்கள். ஆனால் பகுப்பாய்வில் இந்த வேறுபாட்டைத் தனியாகக் காட்டுங்கள். அரசு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் பட்டியலில் கிடையாது, எண்ணிவிடாதீர்கள்.

வாடகை வீட்டில் உரிமையாளர் மாட்டிய ஏசி அந்தக் குடும்பம் மட்டும் பயன்படுத்துவதென்றால் கணக்கில் வரும். நான்கு வீட்டுக்குப் பொதுவான வாஷிங் மெஷின் வராது. சம்பாதிப்பவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். ரேஷன் அட்டையில் முதலில் இருக்கும் மாமனார் பெயரைச் சொல்வார்கள். நீங்கள் தேடுவது வீட்டுச் செலவுக்கு அதிகம் கொடுப்பவரை. அது பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருக்கும்.

அடுத்த சிக்கல் பயம். தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் கார் வைத்திருப்பவர், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிப்பவர் தகுதி பெறுவதில்லை. கையில் படிவத்தோடு ஒரு பெண் வந்து "வீட்டில் கார் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா" என்று கேட்டால், மாதம் வரும் 1,000 ரூபாயை நிறுத்த வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். இருப்பதையும் இல்லை என்பார்கள். ஆகவே கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "காலேஜ் புராஜெக்ட்மா, கவர்ன்மென்ட் சர்வே இல்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டிவி பற்றிய கேள்விகளை முதலில் கேட்டு, பொருள் பட்டியலைக் கடைசியில் வையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, போன் நம்பர் எதையும் கேட்காதீர்கள்.

60 வீட்டை 12 படியாகப் பிரித்தால் படிக்கு ஐந்து வீடுதான் தேறும். அதில் எதுவும் சொல்ல முடியாது. ஏ, பி, மீதி மூன்றும் சேர்ந்தது என மூன்றாக மடக்கி, தொகுதிக்கு 20 வீடு வையுங்கள். அப்போதுகூட 60 பேர் பதிலில் வரும் ஒரு சதவீதம் ஏறக்குறைய 13 புள்ளி மேலேயோ கீழேயோ நகரலாம், 20 பேருக்குள் அது 22 புள்ளி. "சென்னை மக்களில் இத்தனை சதவீதம்" என்று எழுதிவிடாதீர்கள்.

மீனவர் பகுதியான காசிமேட்டில் கதவு திறந்திருக்கும், பேசுவார்கள். வசதியானவர்கள் இருக்கும் அண்ணாநகர் அடுக்குமாடியில் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவார். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். தெருவில் ஒரு வீட்டில் தொடங்கி ஐந்தாவது வீடு, அதற்கடுத்த ஐந்தாவது என்று போங்கள். மாடி வீடுகளையும் எண்ணுங்கள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறையாவது போன பிறகே அடுத்த வீடு. பகலில் மட்டும் போனால் வீட்டிலிருக்கும் பெண்களின் ஆய்வாக முடியும், ஞாயிறு காலையும் வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல் நேரம், கதவைத் தட்டாதீர்கள்.

இந்தியாவில் எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் அளவீடு பற்றி மேற்கோள் காட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சேனல் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத குறியீடு இருக்கிறது, தேர்ந்தெடுத்த வீடுகளில் உள்ள மீட்டர் அதைப் படிக்கிறது, பார்ப்பவர் தனக்குரிய பட்டனை அழுத்துகிறார். டிவி ஓடியதையும் எதிரில் ஆள் இருந்ததையும் அது சொல்லும். அவர் என்ன நினைத்தார் என்று சொல்லாது. மீட்டர் வீடுகள் ரகசியம். அவற்றில் பணம் கொடுத்துச் சேனல் ஓடவிட்டதாக 2020 அக்டோபரில் மும்பையில் வழக்கு எழுந்து, செய்திச் சேனல்களின் மதிப்பீடே 2022 மார்ச் வரை நின்றது. யார் வீட்டில் மீட்டர் என்று விளையாட்டுக்குக்கூட விசாரிக்காதீர்கள்.

பாதிப்பு பற்றிய பகுதிதான் உங்கள் ஆய்வின் உயிர். "சீரியல் உங்களைப் பாதிக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பாதிக்கிறது என்பார்கள். அதற்குப் பதிலாக, எந்தச் சேனல் என்று கேட்பதற்கு முன்பே "இந்த வாரம் ஊரில் பெரிய பிரச்சினை எது" என்று கேட்டு மூன்றைக் குறியுங்கள். பிறகு பார்த்த செய்தியோடு ஒப்பிடுங்கள். மக்கள் எதைப் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறார்கள் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறதா என்று பார்க்க, ஆய்வாளர்கள் மெக்கோம்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலில் தொடங்கிய வழி இது. அடுத்து "இதை யாரிடம் பேசினீர்கள்" என்று கேளுங்கள். செய்தி முதலில் சிலரை அடைந்து, அவர்கள் பேச்சு வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்று ஆய்வாளர்கள் லாசர்ஸ்ஃபெல்டும் கேட்ஸும் காட்டிய இரண்டு கட்டப் பாய்ச்சல் இங்கே டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கண்முன் நடக்கிறது.

கலைஞர் டிவி திமுக சார்பு என்பது போல, எந்தச் சேனல் எந்தக் கட்சிச் சார்பு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். எதிர்க்கட்சிச் சேனலை மறுத்துப் பேசுவதற்காகவே பார்ப்பவர் உண்டு. அதிக நேரம் பார்த்தார், ஆகவே ஏற்றுக்கொண்டார் என்று முடிவு கட்டினால் ஆய்வே தலைகீழாகிவிடும். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் சொன்ன ஏற்பு, பேரம் (பாதி ஏற்று பாதி மறுப்பது), எதிர்ப்பு என்ற மூன்று வாசிப்பையும் பதிவுசெய்ய ஒரு திறந்த கேள்வி வையுங்கள். ஒருமுறை எடுக்கும் சர்வேயில் தொடர்பு தெரியும், காரணம் தெரியாது. அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

வெளிநாட்டு மாணவி என்பதால்: 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவை ஆன்லைனில் முடியுங்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் அது தேவையில்லை. களத்துக்குச் சென்னைத் தோழி ஒருவரைக் கூட்டிப் போங்கள். நம் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர், மலேசியாவில் வேலை கிடைக்குமா என்று பேச்சு திரும்பிவிடும். பெரியவர்களை அம்மா, அண்ணா, அக்கா என்று அழைத்தால் போதும், சார் மேடம் அண்ணாநகரில் மட்டும்.

முதல் ஐந்து வீட்டை ஒத்திகையாக வைத்து, 20 நிமிடத்துக்கு மேல் போகும் கேள்விகளை வெட்டுங்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் சிறப்புப் படங்கள் ஓடும், ஐபிஎல் மாதங்களில் ஆண்கள் பார்ப்பது மாறும். அந்த வாரங்களைத் தவிருங்கள். அக்டோபர் நடுவில் மழை பிடித்தால் வடசென்னைத் தெருக்களில் நடக்க முடியாது, களப்பணியைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.