காயவைக்கும் அறையில் மூன்று மாதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. கல்லூரியில் என்.சி.சி. வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளைச் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப் போவேன். பிரிட்டனின் வேல்ஸில், பிள்ளைகளை மலைக்கும் ஏரிக்கும் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கிற ஒரு வெளிப்புறக் கல்வி மையத்தில் தன்னார்வலராக இருந்ததைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து எனக்கும் அந்த ஆசை.

ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். பிரிட்டனில் நான்கு வாரம் முகாம். 'முதல் நாளிலிருந்தே ஒரு குழுவுக்கு நீங்கள்தான் தலைவர், முன்பயிற்சி எதுவும் தேவையில்லை' என்கிறார்கள். இரண்டே கால் லட்சம் கேட்கிறார்கள், விமானச் செலவு தனி. 'தொண்டு செய்யறதுக்கு நாம ஏம்மா பணம் கட்டணும்?' என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மலையேற்றம் படிக்காத என்னால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

ம., மதுரை

*

அன்புள்ள ம.,

அப்பா கேட்டது சரியான கேள்வி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது பணம் அல்ல. 'முதல் நாளிலிருந்தே தலைவர், முன்பயிற்சி தேவையில்லை' என்ற வரிதான்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தெற்குக் கரையில், லைம் விரிகுடாவில், பிளிமத் நகரத்துப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் அவர்களுடைய ஆசிரியரும் கயாக் படகுகளில் கிளம்பினார்கள். கூடவே ஒரு மையத்தின் பயிற்றுநர்கள் இருவர். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பயிற்றுநர்கள் முடித்திருந்தது ஆரம்பநிலைத் தேர்வு மட்டுமே. இதில் மனதை அறுப்பது, அங்கே வேலையை விட்டுப்போன இருவர் 'இங்கே பாதுகாப்பு சரியில்லை' என்று நிர்வாகத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார்கள் என்பது. அந்த மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995ல் தனிச் சட்டமே வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் காசு வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட சாகசங்களுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு உரிமம் கட்டாயமானது.

நம் குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கியவர்களும் யாரோ ஒருவர் 'பார்த்துக்கொள்வார்' என்று நம்பித்தான் மலை ஏறியிருப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2007 கோடையில் போனேன். வடக்கு வேல்ஸ், ஸ்னோடோனியா மலைப்பகுதி. வேல்ஸ் மொழியில் அதற்கு எரரி என்று பெயர். நானும் உங்களைப் போலத்தான், பிள்ளைகளுக்கு எதையோ கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பில் போனேன். எனக்குக் கொடுத்தது டிரையிங் ரூம். மழையில் நனைந்த ஷூ, கோட்டு, கயிறு எல்லாவற்றையும் காயவைக்கிற சூடான அறை. முப்பது ஜோடி ஈர ஷூக்களின் நாற்றம் எப்படி இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. காலையில் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாட்டு ரொட்டி கட்டுவது, கூடாரத்தின் கம்பிகளை எண்ணி வைப்பது, மலையில் போகும்போது வரிசையின் கடைசி ஆளாக நடப்பது. மூன்று மாதமும் இவ்வளவுதான். ஒருநாள்கூட ஒரு குழுவை என்னிடம் தனியாக விடவில்லை. அப்போது அது அவமானமாகக்கூட இருந்தது.

ஒருநாள் எட்டுப் பிள்ளைகள். பதினாலு வயது, லிவர்பூல் பக்கத்துப் பள்ளி. வரைபடம் அவர்கள் கையில். மேட்டிலிருந்து இறங்கும்போது தவறான பக்கம் திரும்பினார்கள். எனக்கே தெரிகிறது, தப்பு. வாயைத் திறக்கப் போனேன். பயிற்றுநர் கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார். முக்கால் மணி நேரம் இறங்கினார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் நின்று, 'இந்தக் கற்சுவர் நமக்கு இடப்பக்கம் இருக்கணும், வலப்பக்கம் இருக்கு' என்றாள். வரைபடத்தைச் சுற்றி எட்டுத் தலைகள் கவிழ்ந்தன. திரும்ப ஏறினோம்.

நான் சும்மா இருந்ததும் அவர் சும்மா இருந்ததும் ஒன்றல்ல. அந்தச் சரிவு எங்கே போகிறது, எந்த இடத்தில் ஆபத்து தொடங்கும், இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் மட்டுமே பிள்ளைகளைத் தப்பு செய்ய விடலாம். அந்த ஊரில் மலை வழிநடத்துநர் சான்றிதழுக்கு, பயிற்சியில் சேரும் முன்பே குறைந்தது 20 நாள் மலையில் நடந்த பதிவேடு வேண்டும், மதிப்பீட்டுக்கு முன் 40 நாள். எதற்கு இவ்வளவு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அன்று மாலை நான் சொதப்பினேன். நடந்ததைப் பற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பயிற்றுநர் 'என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அமைதி. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. நானே ஆரம்பித்துவிட்டேன், கூட்டு முயற்சி, தவறிலிருந்து பாடம், இத்யாதி. எட்டுப் பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது. அப்புறம் டிரையிங் ரூமில் ஷூ அடுக்கும்போது பயிற்றுநர் சொன்னார்: 'அவர்கள் ஒன்றரை மணி நேரம் நடந்து சம்பாதித்ததை நீ அரை நிமிடத்தில் செலவு பண்ணிட்டே.' நீங்கள் ஆசிரியை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளை மலையிலும் கடலிலும் விட்டுக் கற்கவைக்கும் இந்த முறைக்கு நவீன வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கர்ட் ஹான். ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1933ல் பிரிட்டனுக்கு வந்த ஜெர்மானியக் கல்வியாளர். 1941ல், போர் நடுவே, வேல்ஸின் அபர்டோவியில் கப்பல் அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து 'அவுட்வர்டு பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார். மூழ்கிய கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் பிழைக்க, இளைஞர்கள் சீக்கிரமே நம்பிக்கையிழந்து இறந்தார்கள் என்ற கவலைதான் அதற்குப் பின்னணி என்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு உங்களால் என்ன பயன் என்று கேட்டீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. அதை ஏரிக்கரையில் நின்றபோதுதான் சொன்னேன், அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிதவை அங்கியை எப்படி இறுக்குவது, துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையைப் பயிற்றுநர் ஒரு பையனிடம் விட்டார். பள்ளியில் எதற்கும் லாயக்கில்லை என்று பெயர் வாங்கியவன். வாரம் முழுக்க அவன் என்னை அதட்டிக்கொண்டே இருந்தான். அங்கே நான் செய்த உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். பணம் கட்டுவதே மோசடி என்று சொல்லமாட்டேன். சாப்பாடு, காப்பீடு, பயிற்சி எல்லாவற்றுக்கும் யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். இளைஞர்களை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பிய, 1984ல் தொடங்கிய ராலே அமைப்பு பல ஆண்டுகள் இளைஞர்களையே நிதி திரட்டி வரச் சொன்னது. ஆனால் உங்கள் பணத்தில் எவ்வளவு மையத்துக்குப் போகிறது என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மையங்களுக்கு நேராகவே எழுதலாம். பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால், சுற்றுலா விசாவில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்ய விதி இருக்கிறது. அதற்கு மேல் என்றால் அறப்பணியாளர் விசா, 12 மாதம் வரை, சம்பளம் கிடையாது, நிறுவனமே உங்களுக்கு ஸ்பான்சராக இருக்க வேண்டும். புறப்படும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். உங்களிடம் காவல்துறை நற்சான்று கேட்காமல் பிள்ளைகளிடம் விடுகிற இடத்துக்குப் போகவே வேண்டாம். பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

என்னைக் கேட்டால் இந்த வருடம் போகாதீர்கள். முதலில் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு மனுப் போடுங்கள். ஏறக்குறைய நான்கு வாரம். கட்டணம் ஏஜென்சி கேட்பதில் சிறு பங்குதான். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும்.

அதுவரைக்கும் நல்ல மலை ஷூ ஒன்று வாங்கி, சிறுமலையில் நாலைந்து தடவை போட்டு நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு போய் இறங்கினால் முதல் வாரம் முழுக்க உங்கள் கொப்புளங்களுக்குத்தான் தொண்டு செய்துகொண்டிருப்பீர்கள்.