பட்டறை மெஷின்களுக்கு நாமே செய்த எக்ஸ்டென்ஷன் வயர் பாதுகாப்பானதா?

கேட்டவர் புதிதாகப் பட்டறை போடுகிறார். கடையில் விற்கும் எக்ஸ்டென்ஷன் வயர் சன்னமாக இருக்கிறதாம். கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளில் கேபிள், பிளக், சாக்கெட் தனித்தனியாக வாங்கி, கம்ப்ரசருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் 20 மீட்டரில் தானே செய்துகொள்ளலாமா என்கிறார்.

செகாம்புட்டில் கிரில் பட்டறை நடத்துகிறேன். நானும் இப்படிச் செய்து ஓட்டியவன்தான். நல்ல 2.5 எம்எம் (செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டர் கணக்கு) கேபிள், தடியான மூணு பின் பிளக். இழைகள் பிரிந்துபோகாமல் இருக்கட்டும் என்று நுனியில் சோல்டரிங் ஈயம் வேறு பூசி, அழகாகத் திருகி முறுக்கினேன். ஏழெட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் இரும்பு வெட்டிக்கொண்டிருந்த பையன் மெஷினை நிறுத்திவிட்டு, “யாருண்ணே கருவாடு சுடுறது?” என்றான். எனக்கும் வாசனை வந்தது. பக்கத்துப் பட்டறையில் சமைக்கிறார்கள் என்றே நினைத்தோம். பிளக்கைப் பிடுங்கப் போனபோதுதான் கை சுட்டது. சூடேறிய பிளக்கின் பிளாஸ்டிக் அப்படித்தான் மீன் நாற்றம் அடிக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

திறந்து பார்த்தால் லைவ் முனையைச் சுற்றிப் பழுப்பேறி, திருகு விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. காரணம் நான் பூசிய ஈயம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகிவிடும். பிடி தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்தாலே போதும், 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு. ஒரு சின்ன சோல்டரிங் இரும்பைப் பிளக்குக்குள் வைத்து மூடிய மாதிரி.

பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் ஏன் போகவில்லை, டிபி பெட்டியில் (லைன்கள் பிரியும் மெயின் பெட்டி) பிரேக்கர் ஏன் விழவில்லை? ஓடிய கரண்ட் சரியான அளவுதானே! கரண்ட் கூடினால்தான் அவற்றுக்குத் தெரியும், திருகு தளர்ந்தது தெரியாது. போதாததற்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் 13-ஐத் தாண்டியதும் போய்விடாது, 20 ஆம்பியரைக்கூட அரை மணி நேரம் தாங்கும். அதனால் இழை நுனிக்கு ஈயம் வேண்டாம். ஃபெரூல் என்று கேளுங்கள், சின்னக் குழாய் மாதிரி இருக்கும், போட்டு நசுக்கிவிட்டுத் திருகுங்கள். கேபிளின் வெளித்தோலையும் சேர்த்துக் கிளாம்ப் பிடிக்க வேண்டும். பிளக்குக்குள் பச்சை மஞ்சள் எர்த் வயரை மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது இழுத்துப் பிய்த்தாலும் அதுதான் கடைசியாக அறும். ஒரு மணி நேரம் ஓட்டியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

கேபிள் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 20 மீட்டர், 0.75 எம்எம், 13 ஆம்பியர் என்றால் போக வர 40 மீட்டர் செம்பில் 13 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும், கேபிள் முழுக்க 175 வாட் சூடு. பழைய 60 வாட் குண்டு பல்பு மூன்று எரிகிற சூடு. 2.5 எம்எம்மில் அது 55 வாட்டுக்குள் அடங்கும். நீட்டிப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் சூட்டுக்குப் போக வழியே இல்லை, உள்ளே இருக்கும் சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும். நம்ம ஆட்கள் பத்து பேரில் எட்டு பேர் ரீலை அவிழ்க்கச் சோம்பல்படுவார்கள் (நானும் அதில் ஒருவனாக இருந்தவன்தான்).

கம்ப்ரசருக்கு வயரை நீட்டுவதைவிடக் காற்று ஹோஸை நீட்டுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் இறங்கினால் மோட்டார் சுற்றாமல் முனகிக்கொண்டே நிற்கும், வைண்டிங் போய்விடும்.

கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில்லுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) உள்ள லைன் வேண்டும். மலேசியாவின் 1994 மின்சார விதிமுறையிலேயே இது இருக்கிறது. வெல்டிங் பொறி விழும் இடத்தில் பிவிசி கேபிள் நிற்காது, ரப்பர் தோல் கேபிள் எடுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள பிளக், சாக்கெட்டையே வாங்குங்கள், நாலைந்து வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.

வெல்டிங் மெஷின் விஷயம் வேறு. நம் மூணு பின் சாக்கெட் தருவது 13 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் 3,000 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. வெல்டிங் முனையில் 200 ஆம்பியர் தரும் இன்வெர்ட்டர் மெஷினை முழு வேகத்தில் ஓட்டினால் சுவரிலிருந்து 30 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வயரை எவ்வளவு தடிமனாகச் செய்தாலும் சுவரில் இருக்கும் சாக்கெட் அதேதான். முதலில் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் இன்புட் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 13-க்கு மேல் போட்டிருந்தால் ஜாலான் பசாருக்குக் கிளம்பாதீர்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, டிபியிலிருந்து தனி லைன் இழுத்து, 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டச் சொல்லுங்கள்.