டெவ் நல்லில் கொட்டாதீர்கள்

அன்புள்ள அக்கா,
தலவாக்கலையில் டியூஷன் வகுப்பு வீடியோக்களை ஆடியோவாக்கி, டேட்டா மிச்சமாகட்டும் என்று பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன். வீடியோவை ஆடியோவாக மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை என் பைத்தான் நிரலுக்குள்ளிருந்து ஓட்டுகிறேன். சின்ன வீடியோ முடிகிறது. இரண்டு மணி நேர வகுப்பென்றால் நடுவில் நின்றுவிடுகிறது. அதன் பிழைச் செய்திகள் வரும் வழியான ஸ்டாண்டர்ட் எரரை, போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பச் சொன்னான் நண்பன். இப்போது ஓடுகிறது. இது சரிதானா? கோ மொழிக்கு மாறட்டுமா?

அன்புள்ள தம்பி,
மொழி மாற்றுகிற பேச்சை விடுங்கள், எங்கே போனாலும், ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் இதே பைப்தான். பிள்ளைகளின் டேட்டாவை நினைத்து வேலையில் இறங்கினீர்களே, அந்த மனசுக்காகவே உடனே எழுதுகிறேன். ஆனால் நண்பன் சொன்னது தப்பு, யோசிக்காமல் நீங்கள் கேட்டது பெரிய தப்பு.

லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 64 கேபிதான் கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் தன் நிலவரத்தையெல்லாம் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிக்கொண்டே இருக்கும். அதைப் பைப்பில் கட்டிவிட்டு, வாசிக்காமல், முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் வெயிட் போட்டால், பைப் நிறைந்ததும் அது எழுத முடியாமல் நிற்கும். அது முடியட்டும் என்று உங்கள் நிரல் நிற்கும். வெயிட்டுக்குப் பதிலாக பைத்தானின் கம்யூனிகேட் போட்டால், வெளியீடு, பிழை இரண்டையும் வாசித்துவிடும். சரி, அது அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்காதது டெவ் நல். 1970களில் பெல் ஆய்வகத்தில், பிழைச் செய்திகள் திரையில் வராமல் அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்குப் போய் அச்சாகி வந்தன. அதனால்தான் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் பிழைக்கென்று தனி வழி வைத்தார்கள். ஆள் கண்ணில் படட்டும் என்று வைத்த வழியைக் கொண்டுபோய் அடைக்கிறீர்களே!

என் அம்மா கொழுந்து பறித்தவர். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசு 21 கிலோ காட்டும்; ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்து 17 எழுதுவார்கள். அம்மா அங்கேயே நின்று சண்டை பிடிப்பார். இலக்கம் புத்தகத்தில் ஏறும், அம்மா சொன்னது ஏறாது. சம்பளம் குறைந்து போய்க் கேட்டால், புத்தகத்தைப் புரட்டி "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள். உங்கள் நிரலும் நாளைக்கு, பாதியில் அறுந்த ஆடியோவை அனுப்பிவிட்டு இதையேதான் சொல்லும். பரீட்சைக்கு முதல் நாள் அதைப் போட்டுக் கேட்கிற பிள்ளை என்ன செய்யும்?

ஸ்டாண்டர்ட் எரரை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள், வகுப்புக்கு ஒன்றாக. கோப்பு பைப்பைப் போல 64 கேபியில் நின்றுவிடாது. எஃப்எஃப்எம்பெக் முடியும்போது தரும் எண்ணான ரிட்டர்ன் கோட், பிழையில்லை என்று சொல்லும் பூச்சியமாக இல்லையென்றால் ஆடியோ போகக் கூடாது. அப்புறம், பூச்சியம் வந்தாலும் அந்தப் பிழைக் கோப்பைத் திறந்து பாருங்கள்: வீடியோ இடையில் பழுதாகியிருந்தாலும் எஃப்எஃப்எம்பெக் சிலவேளை பூச்சியம் தந்துவிடும், பழுது என்று எழுதியிருப்பது அந்தக் கோப்பில் மட்டும்தான்.