எரிந்த பின்னும் அதே வாயில்

அன்புள்ள ஐயா,

தென்கொரியத் தலைநகர் சியோலின் பழைய மதில் வாயிலான நம்தேமுனைப் பற்றிய தங்கள் கட்டுரையில் அது அறுநூறாண்டுப் பழமையுடையது என்று எழுதியிருந்தீர்கள். 2008இல் அது தீக்கிரையாயிற்று. இன்று நிற்பது 2013இல் திறக்கப்பட்ட கட்டடம். அதைத் தொன்மைச் சின்னம் என்பது எவ்வாறு பொருந்தும்?

கே.

அன்புள்ள கே.,

நில இழப்பீடு போதவில்லை என்ற கோபத்தில் முதியவர் ஒருவர் 2008 பிப்ரவரி 10 இரவு வைத்த தீயில் அழிந்தது பெரும்பாலும் அதன் இருதள மர மண்டபத்தின் மேல்தளம்தான். கருங்கல் அடித்தளமும் அதன் நடுவிலுள்ள வளைவு வழியும் நின்றன. கீழ்த்தளத்து மரங்களில் பெரும்பகுதி தப்பியது. தீயணைப்பு வீரர்கள் கழற்றி இறக்கிய பெயர்ப்பலகையும் சேதத்தோடு பிழைத்தது.

எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்லிவிட முடியாது. மரக்கட்டடம் என்பது காலந்தோறும் உளுத்ததை நீக்கிப் புதியதைப் பொருத்தியே நிலைப்பது. கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் முதல் அரசர் தேஜோ காலத்தில், 1398இல் முடிந்த இவ்வாயில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இருமுறை பெருந்திருப்பணி கண்டது. 1961 முதல் 1963 வரை அதை முழுவதும் பிரித்து மீண்டும் கட்டினார்கள். தென்கொரியா அதற்கு முதலாம் எண் தேசியச் செல்வம் என்ற தகுதியை வழங்கியது அந்தப் பணி முடியுமுன், 1962 டிசம்பரில். புதிய மரம் சேர்வதைக் குறையாக அந்நாட்டவர் கருதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என் நோக்கில், தீயைவிடப் பெரிய இழப்பு 1907இல் நேர்ந்தது. ஜப்பானிய ஆதிக்கம் இறுகிவந்த அவ்வாண்டில் இருபுறத்து மதிலும் இடிக்கப்பட்டதால், நகருக்குள் நுழையும் வழியாக இருந்தது போக்குவரத்து நடுவே தனித்து நிற்கும் மண்டபமாயிற்று. 2013 திருப்பணியில் மதிலின் ஒரு பகுதியை மீண்டும் எழுப்பியதை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

தாங்கள் ஐயப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு: வண்ணப்பூச்சு. கொரிய மரபில் தான்சோங் எனப்படும் அந்த வண்ண வேலை, திறப்பு விழா முடிந்த சில மாதங்களிலேயே உரியத் தொடங்கியது. மரபான நிறமிகளும் பசையுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். செயற்கைப் பொருள்கள் கலக்கப்பட்டது விசாரணையில் தெரியவந்தது. தொன்மைச் சின்னங்களைப் பேணும் அரசுத் துறையான பாரம்பரிய நிர்வாகத்தின் தலைவர் அவ்வாண்டு நவம்பரில் பதவி நீக்கப்பட்டார். மரத்தை மலைக்காடுகளிலிருந்து கொண்டுவர முடிந்தது, கூரை ஓட்டைக் கையாலேயே செய்ய முடிந்தது. பல பத்தாண்டுகளாகக் கைவிட்டுப்போன நிறம் காய்ச்சும் அறிவை மட்டும் ஐந்தாண்டுத் திருப்பணிக்குள் மீட்டெடுக்க முடியவில்லை.