நோ மேன்ஸ் ஸ்கை வாங்கலாமா? சேலம், ஏற்காடு நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே கேமைச் சுற்றித்தான்: விண்கலத்தில் ஏறி, எண்ணி முடியாத அளவு கிரகங்களுக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கும் நோ மேன்ஸ் ஸ்கை. கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள், திட்டித் தீர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேம் இது. குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

சூரமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஒருத்தர் "சுத்த ஏமாத்து"ங்கிறார், இன்னொருத்தர் "இதை மிஞ்ச ஆளில்லை"ங்கிறார். யாரை நம்புறது?

சொல்பவர் எந்த வருடம் விளையாடினார் என்று முதலில் பாருங்கள் தம்பி. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கும் ஹலோ கேம்ஸ் ஒரு சின்ன நிறுவனம். 2013 டிசம்பரில் இந்த கேமை அறிவித்தார்கள், 2016 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். மற்ற ஆட்டக்காரர்களையும் சந்திக்க வாய்ப்பு உண்டு என்பதுபோல நிறுவனர் ஷான் மர்ரே பேட்டிகளில் பேசியிருந்தார். வெளியான சூட்டோடு இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இந்த கேமுக்கு இருந்த பக்கத்தின் விளம்பரத்தைப் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு விசாரித்து, தவறில்லை என்று சொன்னது உண்மைதான். அதற்காக வாங்கியவர்களின் ஏமாற்றம் பொய்யாகிவிடாது. "இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே" என்று அவர்களைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

அதன்பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரிலேயே வீடு கட்டும் வசதி வந்தது. 2017-இல் வண்டிகள், 2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட்டில் முழுமையான மல்டிபிளேயர் (பலர் சேர்ந்து ஆடும் வசதி), 2019-இல் விஆர் (கண்ணை மூடும் கருவியைத் தலையில் மாட்டி, உள்ளேயே இருப்பதுபோல ஆடுவது). எந்த அப்டேட்டுக்கும் தனிக் காசு வாங்கவில்லை. 2024 நவம்பரில் ஸ்டீமில் ஆடியவர்கள் தந்த மொத்த மதிப்பீடு 'வெரி பாசிட்டிவ்' (மிக நல்லது) ஆனது. 2016-இல் கொட்டிய திட்டுகளும் அந்தக் கணக்கில் இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்.

அம்மாப்பேட்டை, தறி ஓட்டுபவர்: அத்தனை கிரகத்தை எப்படிங்க ஒரு கம்ப்யூட்டர்ல வைக்க முடியும்?

வைக்கவே இல்லை. உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜக்கார்டு தறியில் சேலையையா சேமிக்கிறீர்கள்? துளை போட்ட அட்டைதானே இருக்கிறது, ஓட்டினால் டிசைன் வருகிறது. இங்கேயும் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் எண் மட்டும்தான். நீங்கள் நெருங்கும்போது அந்த எண்ணை வைத்து மலை, கடல், மிருகம் எல்லாம் கணக்குப் போட்டு உருவாகிறது. எண் ஒன்றுதான் என்பதால் யார் போனாலும் அதே மலை அதே இடத்தில் நிற்கும். 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் 18,446,744,073,709,551,616 தான் கிரகங்களின் எண்ணிக்கை. நொடிக்கு ஒன்று பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி வருடங்களுக்கு மேல் ஆகும்.

அஸ்தம்பட்டி, ஐடி ஊழியர்: இருபது மணி நேரம் ஆடினேன். எல்லாக் கிரகமும் ஒரே மாதிரி இருக்குது. அப்புறம் என்னங்க பெரிய எண்ணிக்கை?

நீங்கள் சொல்வது சரி. மேலே சொன்ன முறைதான் காரணம். கணக்கு எத்தனை முறை ஓடினாலும், அதற்குள் போட்ட உருப்படிகள் அளவானவை. பாறையின் நிறம் மாறும், வானத்தின் நிறம் மாறும். ஆனால் அதே கட்டடம், அதே தாதுக்கள், விண்வெளி நிலையத்தில் அதே கெக், கோர்வாக்ஸ், வைகீன் இனங்கள். 2024, 2025-இல் வந்த 'வேர்ல்ட்ஸ்' அப்டேட்டுகள் மேகத்தையும் கடலையும் நிலத்தையும் நிஜமாகவே மாற்றின. நீங்கள் கையால் செய்யும் வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை. தோண்டு, சேர், பழுது பார், பற. இந்தச் சலிப்பை இன்னொரு அப்டேட் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் நான் ஏன் இன்னும் ஆடுகிறேன்? பத்து நிமிடத்துக்கு ஒரு கிரகம் தாவுவதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் தங்கிப் பார்த்தேன். ஜெட்பேக்கில் பறக்காமல் நடந்தேன். புயல் வரும்போது குகைக்குள் ஒதுங்கினேன். அந்நிய இனத்தாரின் மொழியைச் சொல் சொல்லாகச் சேர்த்து, ஒருநாள் அவர்கள் பேசுவதில் பாதி வாக்கியம் புரிந்தபோது கிடைத்த மகிழ்ச்சியை வேறு எந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேமே சொல்ல வேண்டும், கதை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது கடைசிவரை பிடிக்காது. அது அவருடைய ரசனை, குறையில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் நிறுத்திவிடுங்கள். இருபது மணி நேரம் போதுமான சோதனைதான்.

ஏற்காடு, எஸ்டேட் ஊழியர்: இங்க நெட் ஒழுங்கா இருக்காது, மழை வந்தா கரண்டும் போயிடும். ஆட முடியுங்களா?

தாராளமாக. தனியாக ஆட நெட் தேவையில்லை. சேலத்துக்கு இறங்கும்போது லேப்டாப்பைக் கொண்டுவந்து அப்டேட்டுகளை ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டால் போதும். கரண்ட் விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது: விண்கலத்தை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கேம் தானாக சேவ் ஆகும். வானம் இருட்டினால் ஏறி இறங்கிவிடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ், ஒரு தாய்: பையனுக்குப் பத்து வயசுங்க. கொடுக்கலாமா?

கொடுக்கலாம்ங்க. ஐரோப்பாவில் ஏழு வயதுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரோபோக்களைச் சுடுவது உண்டு. 'கிரியேட்டிவ்' முறையில் தொடங்கினால் சாவும் இல்லை, பொருள் சேர்க்கும் தொல்லையும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் வராமலிருக்க மல்டிபிளேயரை அணைத்து வையுங்கள். தமிழில் கிடையாது, முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

ஆத்தூர், புதியவர்: பிடிக்கலைன்னா காசைத் திருப்பி வாங்கலாமா?

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் வாங்கலாம். சிக்கல் என்னவென்றால் அந்த இரண்டு மணி நேரமும் உடைந்த விண்கலத்தைப் பழுது பார்ப்பதிலேயே போய்விடும். மஞ்சளாக ஒளிரும் செடி சோடியம், அது உடையின் பாதுகாப்புக்கு. சிவப்புச் செடி ஆக்சிஜன், அது மூச்சுக்கு. இந்த இரண்டும் தெரிந்தால் சீக்கிரம் வானத்துக்குப் போய்விடலாம். தரையிலிருந்து கிளம்பி, எங்கேயும் லோடிங் திரை வராமல் விண்வெளிக்குள் நுழையும் அந்த நிமிடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கும் மனம் அசையவில்லை என்றால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

ஐந்து ரோடு, நண்பர்கள் நால்வர்: ரெண்டு பேர்கிட்ட பிளேஸ்டேஷன், ரெண்டு பேர்கிட்ட பிசி. சேர்ந்து ஆடலாமா?

ஆடலாம், 2020 ஜூனிலிருந்து அந்த வசதி இருக்கிறது. சாதாரண முறையில் நால்வரும் வெவ்வேறு மூலையில் கிடப்பீர்கள். அதனால் 'எக்ஸ்பெடிஷன்' என்ற குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரும் ஆட்டம் நடக்கும் சமயம் பார்த்து ஒரே நாளில் தொடங்குங்கள். அதில் எல்லோரும் ஒரே கிரகத்தில்தான் ஆரம்பிப்பார்கள், செய்ய வேண்டிய வேலைகளும் வரிசையாக இருக்கும். அது முடிந்த பிறகு எங்கே வீடு கட்டுவது என்று நீங்களே சண்டை போட்டுக்கொள்ளலாம்.